ருசி பார்க்கும் நோட்டு

நரிப்பொட்டல் தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடு எட்டேகால் மணிக்கு. பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு பெரிய ஆள் ஒரு வாய் தின்று பார்த்து, நோட்டில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தலைமையாசிரியை உம்மு ஹபீபா கீழக்கரையிலிருந்து பஸ் மாறி வந்து சேர எட்டே முக்கால் ஆகிவிடும். அதனால் அந்த வேலை பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஜெயசுதாவின் தலையில் விழுந்தது.

ஜெயசுதாவுக்கு முப்பத்துமூன்று வயது. புருஷன் காளிராஜ், சாயல்குடி ரோட்டோரம் விறகை மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவன். மகள் சிநேகா நாலாவது படிக்கிறாள். பிள்ளைகளின் தாய்மார்கள் கூடித் தலைவியைத் தேர்ந்தெடுத்தபோது, ‘பன்னெண்டாவது படிச்சிருக்கா, சபையில நாலு வார்த்த பேசுவா’ என்று இவளைப் போட்டார்கள். முதலில் அது ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

முன்னால் சமைத்துக்கொண்டிருந்தவள் ஊர்க்காரி. புருஷனோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக வருகிறவள் அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும், மகளிர் குழுவில் இருக்க வேண்டும், பத்தாவது முடித்திருக்க வேண்டும். தேடிப் பார்த்ததில் மூன்றும் பொருந்தியவள் கீழத்தெரு சோணையம்மாள் ஒருத்திதான். கீழத்தெரு என்றால் காலனி. ஊருக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் மட்டும்தான் அதில் தண்ணீர் இருக்கும், ஆனால் வருஷம் முழுக்க அதைத் தாண்டி ஊர்க்காரர்கள் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

சோணையம்மாள் அண்டாவை அடுப்பில் ஏற்றிய மறுநாளிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் இருபத்துநாலு பேரும் வீட்டிலேயே சாப்பிட்டு வர ஆரம்பித்தார்கள். கீழத்தெருப் பிள்ளைகள் பதினேழு பேர் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்து தின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கிச்சடி. அண்டாவின் மூடியைத் திறந்ததும் ஆவி மேலே எழும்பி ஓட்டுக் கூரையில் முட்டியது. ஜெயசுதா எட்டிப் பார்த்தாள். கேரட்டும் பட்டாணியுமாக நன்றாகத்தான் இருந்தது.

“ஒரு கரண்டி வைக்கட்டுமா?” என்றாள் சோணையம்மாள். கழுவித் துடைத்த தட்டு அவள் கையில் இருந்தது.

“வேணாம். வெள்ளிக்கெழம வெரதம்.”

“நேத்து வயிறு சரியில்லன்னீங்க.”

“அது நேத்து.”

சோணையம்மாள் தட்டை மேடையில் கவிழ்த்து வைத்தாள். ஜெயசுதா நோட்டைப் பிரித்து ‘நன்று’ என்று எழுதி ஒப்பமிட்டாள். அதோடு இருபத்தேழு நாள், இருபத்தேழு ‘நன்று’.

ஒன்பதரைக்குப் பிரேயர். அன்றைக்குத் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி நாள். பிள்ளைகள் நாற்பத்தோரு பேரும் வலது கையை நீட்டிக்கொண்டு டீச்சர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். தலைவி என்பதால் ஜெயசுதாவும் கொடிமரத்துக்குப் பக்கத்தில் கை நீட்டி நின்றாள். நீட்டிய கையில் நகத்துக்குள் கரி ஏறியிருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாத கரி.

உறுதிமொழி முடிந்ததும் உம்மு ஹபீபா டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“ஜெயசுதா, எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில ஒரே சாப்பாடுன்னு போன மாசம் குழுவுல தீர்மானம் போட்டோம்ல. நீதான் முதக் கையெழுத்து. பதினேழு பேரு உக்கார்ற வராந்தாவப் பாத்துட்டு வகுப்புக்குள்ள போயி சமத்துவம்னு பாடம் நடத்த எனக்கு வாய் வர மாட்டேங்குது. நீ நாலு வீட்டுல பேசிப் பாரேன்.”

“பேசுறேன் டீச்சர்,” என்றாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று மூட்டத்துக்கு நடந்தாள். யாரோ பின்னாலேயே வருகிற மாதிரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. மூட்டத்தில் கரி பிரித்துக்கொண்டிருந்தாள். சீமைக்கருவேலத் தூரைக் கோபுரம் மாதிரி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துவிட்டால் ஒரு வாரத்துக்குப் புகைந்துகொண்டே கிடக்கும். எங்கேயாவது மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் அத்தனையும் சாம்பல்தான். வெந்து ஆறிய மூட்டத்தைப் பிரித்து, பெருங்கரி ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம் என்று சாக்கில் அள்ள வேண்டும். ஜெயசுதாவோடு கீழத்தெருப் பெண்கள் நாலு பேர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். புகையிலும் தூளிலும் எல்லாருக்கும் ஒரே முகம்தான்.

தனுஷ்கோடி டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். காளிராஜின் அய்யாவோடு கூடப் பிறந்தவர், ஜெயசுதாவுக்குச் சின்ன மாமனார். ஊர்க்காரியம் எதுவும் அவரில்லாமல் நடக்காது. கரி ஏற்றுகிற லாரியும் அவருடையதுதான். காளிராஜையும் அவளையும் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“படிச்சுப் பாரு தாயி.”

படித்தாள். வெள்ளிக்கிழமை போட்ட கிச்சடியில் பல்லி செத்துக் கிடந்ததாகவும், சமையல்காரியை உடனே மாற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள்.

“பல்லியா? நான் அங்கனதான நின்னேன் சின்ன மாமா. பல்லி ஒண்ணும் கெடக்கலியே.”

“கெடந்துச்சுன்னு யாரு சொன்னா? நாளைக்குக் கெடந்தா என்ன செய்வ?”

“நாளைக்குக் கெடந்தா நாளைக்கு எழுதுவோம்.”

“ஏய், பெரியவுக பேசுறாகள்ல,” என்றான் காளிராஜ்.

தனுஷ்கோடி கோபப்படவில்லை. “இந்தா பாரு தாயி. அவ சமைக்கக் கூடாதுன்னு எழுதுனா நம்மளத் தூக்கி உள்ள வச்சிருவான். பல்லின்னு எழுதுனா அவ வேலை மட்டும் போகும். யாருக்கும் சேதாரமில்ல.”

“அவளுக்குச் சேதாரம்ல?”

“அவளுக்கு வேற வேலையா கெடைக்காது? போன்ல சொல்லியாச்சு, செவ்வாக்கெழம ஒன்றிய ஆபீஸ்ல இருந்து விசாரிக்க வர்றாக. நோட்டுல ஒன் கையெழுத்துதான் இருக்கு, ஒன்னத்தான் கேப்பாக. வெள்ளிக்கெழம ஒரு மாதிரி வாடை வந்துச்சு, பிள்ளைக பசியா இருக்கேன்னு சொல்லாம விட்டுட்டேன்னு சொல்லிரு.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “ஆமா, நீ ருசி பாக்கேன்னு அங்கன திங்கிறியோ?”

காளிராஜும் அவள் முகத்தையே பார்த்தான்.

“தொட்டதே இல்ல,” என்றாள் ஜெயசுதா.

“அதான பாத்தேன்! நம்ம வீட்டுப் பிள்ளைல்ல,” என்று தனுஷ்கோடி சிரித்தார். அந்தச் சிரிப்பில் காளிராஜும் சேர்ந்துகொண்டான். பேனாவை வாங்கி வண்டி சீட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

அந்த நிமிஷத்திலிருந்து ஜெயசுதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினாள். குழம்பில் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு, ஊற்றினோமா இல்லையா என்று இன்னொரு தடவை ஊற்றினாள். சாப்பிட உட்கார்ந்த காளிராஜ் முகத்தைச் சுளித்துவிட்டு எழுந்து போனான். வாடை வந்தது என்று சொல்வதா? சொன்னால் பொய். நன்றாக இருந்தது என்று சொல்வதா? அதுவும் பொய்தான். இரண்டில் எந்தப் பொய் லேசானது என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் ரேஷன் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பும்போது சோணையம்மாள் வழிமறித்தாள்.

“தலைவரம்மா, ஒரு வார்த்த.”

“இங்கனயா?”

“வேற எங்கன? ஒங்க வாசலுக்கு நான் வர முடியாது, எங்க வாசலுக்கு நீங்க வர மாட்டீங்க.”

ஜெயசுதா பையைக் கீழே வைத்தாள். கடைப் பக்கமிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று கண் தானாகப் போனது. சோணையம்மாள் அதையும் கவனித்தாள்.

“நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“தெரியல சோணை.”

“ருசி பாத்தேன், நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. போதும். நோட்டுல நீங்க எழுதுனதத்தான சொல்லச் சொல்றேன்.”

“சொல்லலாம்...”

“சொன்னா கீழத்தெருக்காரி கையால தின்னவன்னு ஊரு பேசும். அதான?”

ஜெயசுதா குனிந்து பையின் வாயைச் சுருட்டினாள்.

“அந்தப் பேச்சு நாலு மாசத்துல போயிரும். எனக்குச் சோத்துல பல்லியப் போட்டவன்னு பேரு வந்தா அது போகுமா? நாளைக்கு எம் மக பூமயிலப் பொண்ணு கேட்டு வாரவுககிட்டயும் சொல்லுவாக. வேலை போனாப் போகுது. உப்பளத்துல வாரிக் கொட்டிப் பொழச்சுக்கிருவேன். அந்தப் பேரோட மட்டும் போக மாட்டேன்.” அவள் ஓரடி கிட்டே வந்தாள். “நீங்க திங்கலங்கிறத இது வரைக்கும் ஒரு ஆளுகிட்ட நான் சொன்னதில்ல. தெனமும் தட்டக் கழுவித் தொடச்சு வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன்.”

அவள் போய்விட்டாள். ஜெயசுதா அரிசிப் பையைத் தூக்க மறந்து கொஞ்ச தூரம் நடந்து, மறுபடி திரும்பி வந்து எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. அஞ்சாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியம்மா நாற்காலியில். எதிரே தனுஷ்கோடியும் காளிராஜும் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேரும். சோணையம்மாளும் கீழத்தெரு ஆட்கள் மூன்று பேரும் வாசல் நிலைக்கு வெளியே நின்றார்கள். உம்மு ஹபீபா டீச்சர், “உள்ள வாங்க, நாற்காலி கெடக்குல்ல” என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு சோணையம்மாள் மட்டும் உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

அதிகாரியம்மா நோட்டைப் புரட்டினார். “இது உங்க கையெழுத்துதானே? வெள்ளிக்கிழமை ருசி பாத்தீங்களா?”

நோட்டின் அந்தப் பக்கம் முழுக்க அவளுடைய எழுத்து. ஒரே மாதிரி, அழகாக, ஒன்றன் கீழ் ஒன்றாக.

“இல்லம்மா.”

“புரியலையே.”

“ருசி பாக்கல. அன்னைக்கு மட்டுமில்ல. இவுக சமைக்க வந்த நாள்ல இருந்து ஒரு நாளும் பாக்கல. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்.”

தனுஷ்கோடி நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேட்டுக்கிட்டீங்களா மேடம்? குழுத் தலைவியே வாயில வைக்க முடியாத சாப்பாடு.”

சோணையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் பாக்கல? சாப்பாடு சரியில்லையா?” என்றார் அதிகாரியம்மா.

“சரியா இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? தின்னாத்தானம்மா தெரியும்.” ஆரம்பித்துவிட்டபின் அவளால் நிறுத்த முடியவில்லை. “அவுக கீழத்தெருன்னுதான் திங்கல. ஒரு நாள் வெரதம்னேன், ஒரு நாள் வயித்து வலின்னேன். அம்புட்டும் பொய். தீண்டாமை ஒழிப்புன்னு வெள்ளிக்கெழம கொடிமரத்துகிட்டக் கை நீட்டுனேன்ல, அன்னைக்குக் காலையிலயும் திங்கல. அண்டாவத் தெறக்கும்போது நான் பக்கத்துல நின்னேன். பல்லி கெடக்கல. இந்த மனுவுல இருபத்துநாலு பேரு எழுதியிருக்காக, எம் புருஷனும் எழுதியிருக்காக. அதுல ஒரு வீட்டுப் பிள்ளைகூட அன்னைக்கு இங்கன திங்கல. நான் திங்காம நன்றுன்னு எழுதுனேன். இவுக திங்காம பல்லின்னு எழுதியிருக்காக.”

“ஏலே காளி, ஒம் பொண்டாட்டிக்குப் புத்தி பெரண்டு போச்சாலே?” தனுஷ்கோடி எழுந்துவிட்டார். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். காளிராஜ் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அதிகாரியம்மா மேஜையைத் தட்டினார். “பல்லியைக் கண்ணால பாத்தவங்க யாரு? எழுந்திரிங்க.”

சத்தம் அடங்கியது. யாரும் எழவில்லை. எழுந்து நின்ற தனுஷ்கோடியும் உட்கார்ந்தார்.

“இதை இத்தோட முடிக்கிறேன். இனி இப்படி ஒரு மனு வந்தா, விசாரணைக்கு நான் வர மாட்டேன், போலீஸ் வரும். சமையல்காரம்மா தொடர்ந்து வேலை பாப்பாங்க.” பிறகு ஜெயசுதாவைப் பார்த்தார். “நீங்க பொய்யாப் பதிவு போட்டதுக்கு விளக்கம் எழுதிக் குடுக்கணும். தலைவி பொறுப்பு இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

“எழுதிக் குடுக்கிறேம்மா.”

எல்லாரும் கலைந்ததும் உம்மு ஹபீபா டீச்சர் அந்த நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். “நானும் தெனமும் வந்ததும் நோட்டத்தான் பாத்தேன் ஜெயசுதா. நன்றுன்னு இருந்துச்சு, சந்தோசமா மூடி வச்சேன். ஒன்ன மட்டும் என்னத்தச் சொல்ல.”

சமையல் கூடத்தில் சோணையம்மாள் அடுப்பு மேடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெயசுதா வாசலில் போய் நின்றாள்.

“ஒரு கரண்டி இருக்கா?”

சோணையம்மாள் திரும்பவில்லை. “அண்டாவக் கழுவிக் கவுத்தாச்சு.”

“மிச்சம் ஏதாவது...”

“எல்லாரும் போற வரைக்கும் காத்திருந்து வந்து கேக்குறீங்களாக்கும்?” இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “மொத வார்த்தையில உசிரே போயிருச்சு எனக்கு. ரெண்டாவது வார்த்தையில திரும்ப வந்துச்சு. அதுக்காக ஒங்களக் கையெடுத்துக் கும்பிடணும்னு நெனைக்காதீங்க. நாளைக்குப் பொங்கல். பிள்ளைகளோட வராந்தாவுல ஒக்காந்து திங்கிறதா இருந்தா வாங்க. இங்கன உள்ள நின்னுக்கிட்டு ஒளிஞ்சு திங்கிறதா இருந்தா வேணாம்.”

பொழுது சாயும்போது காளிராஜ் மூட்டத்தில் இருந்தான். ஆட்கள் போய்விட்டார்கள். வாடைக்காற்று ஏறியிருந்தது. ஜெயசுதா சாக்கு தைக்க உட்கார்ந்தாள்.

“நாளைக்கு நீ அங்கன திங்கப் போற,” என்றான்.

“ஆமா.”

“சின்னையா இனி லாரி தர மாட்டாரு.”

“சாயல்குடியில லாரியா இல்ல?”

“நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் வாசல மிதிக்க மாட்டான்.”

அவள் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினாள். “இந்தத் தூர வெட்டுனது யாரு? அடுக்குனது யாரு? கீழத்தெரு ஆளுகதான. அந்தக் கை இல்லாம ஒரு நாள் நம்ம அடுப்பு எரியுமா? சோத்துக்கு மட்டும் அந்தக் கை ஆகாதோ?”

“நீ மட்டும் நேத்து வரைக்கும் தின்னியாக்கும்?”

“திங்கல. அதத்தான சபையில சொன்னேன்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த மூட்டத்தின் தென்பக்கம் மண் வெடித்துப் புகை பீய்ச்சிக்கொண்டு வந்தது. உள்ளே செக்கச்செவேலென்று நெருப்புத் தெரிந்தது. இரண்டு பேரும் ஓடினார்கள். அவள் குடத்துத் தண்ணீரை மண்ணில் ஊற்றி மிதித்துக் குழைத்துக் கொடுக்க, அவன் வாங்கி வாங்கி அப்பினான். ஒரு வெடிப்பை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வாய் பிளந்தது. அனலில் அவன் முன்கை முடி பொசுங்கியது. அடைத்து முடிக்கும்போது இரண்டு பேருக்கும் முழங்கை வரை சேறு.

“சிநேகாவக் கூட்டிட்டுப் போகாத,” என்றான் மூச்சிரைக்க.

“அவ இல்லாம நான் மட்டும் தின்னா அதுவும் ஒரு வெரதந்தான்.”

அவன் முழங்கைச் சேற்றை வழித்து உதறினான். போகாதே என்று இரண்டாவது தடவை சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் மெல்லிய பனி. ஜெயசுதா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். தனுஷ்கோடி வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அவர் சம்சாரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மாவுக் கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கோலம் பாதியில் கிடந்தது. இன்னும் இரண்டு மூன்று வாசல்களில் பேச்சு நின்றது. ஜெயசுதா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். சிநேகாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

வராந்தாவில் பதினேழு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். சிநேகா யாரும் சொல்லாமலே போய்ப் பூமயில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெயசுதா புடவையைச் செருகிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோணையம்மாள் வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்து, அவள் தட்டிலும் ஒரு கரண்டி பொங்கல் வைத்தாள். மேலே ஒரு மிளகு உட்கார்ந்திருந்தது.

எடுத்து வாயில் வைக்க வேண்டியதுதான். கை எழும்பவில்லை. மனசு எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டது, தொண்டைக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம் உள்ளே குமட்டிக்கொண்டு நின்றது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது. சோணையம்மாள் தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றாள். அவசரப்படுத்தவில்லை, நகரவும் இல்லை.

ஜெயசுதா ஒரு வாய் அள்ளிப் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய் போட்டாள். மூன்றாவது வாயில்தான் நாக்கு ருசி கண்டது.

“உப்பு கொறவா இருக்குக்கா.”

“என்னது?” என்றாள் சோணையம்மாள்.

“உப்பு பத்தல.”

சோணையம்மாள் கரண்டி நுனியிலிருந்து ஒரு பருக்கையை உள்ளங்கையில் தட்டி வாயில் போட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. “அட ஆமா. வீட்டுலயும் நாங்க கொறச்சுத்தான் போடுறது. இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலியே.”

“பொங்கலுக்கு மட்டும் எப்பவும் இப்படித்தான்மா,” என்றாள் சிநேகா வாய் நிறையச் சோற்றோடு. “கிச்சடி நல்லா இருக்கும்.”

ஜெயசுதா திரும்பி மகளைப் பார்த்தாள். சிநேகா சட்டென்று தலையைக் குனிந்து தட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். பூமயில் அவள் விலாவில் இடித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சோணையம்மாள் யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். உப்பை வெந்நீரில் கரைத்து ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு வந்து, வரிசையின் முதல் பிள்ளையிலிருந்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி விட்டு, “நல்லாக் கெளறித் தின்னுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினேழு பிள்ளைகளுக்கும், சிநேகாவுக்கும் அப்புறம், கடைசி ஆளாக ஜெயசுதா தட்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.